அமிர்திக்குப் பஸ்ஸில் போனோம்

போன ஞாயிறு அமிர்தி போய்ட்டு வந்ததைப் பத்தி நாலு வரி எழுதலாம்னு உட்கார்ந்தேன். எழுத எழுத வேற இடத்துக்குப் போயிடுச்சு. நீளமான பதிவு. பொறுமை இருக்கறவங்க படிங்க.

புதுசா வந்தவங்களுக்கு: நான் ஆரணி பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் டாக்டர். வெறும் எம்பிபிஎஸ். பி.ஜி. எப்போன்னு கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இங்கேயும் பதில் கிடையாது.

அமிர்தி தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ஜவ்வாது மலை அடிவாரத்துல வனத்துறை நடத்தும் சின்ன உயிரியல் பூங்கா. வேலூர்லேர்ந்து 25 கிலோமீட்டர். 1967-ல் ஆரம்பிச்சது. மொத்தப் பரப்பு 25 ஹெக்டேர். வண்டலூர் 600 ஹெக்டேருக்கு மேல, அப்படின்னா இது எவ்வளவு சின்னதுன்னு பாத்துக்கோங்க. சிங்கம் புலி எல்லாம் எதிர்பார்த்துப் போகக்கூடாது. புள்ளிமான் பார்க்கலாம், மயில் பார்க்கலாம், மரத்தடியில கட்டுச்சோறு சாப்பிடலாம். எனக்கு அது போதும்.

எப்பவும் கார்ல தான் போவோம். இந்தத் தடவை கார் மெக்கானிக் ஷெட்ல, கிளட்ச் போயிடுச்சு. பசங்ககிட்ட வாக்குக் கொடுத்தாச்சு. "பஸ்ல போலாம் வா"ன்னு வீட்டுக்காரர் சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள சலிப்புதான். நான் கடைசியா எப்போ பஸ் ஏறினேன்னு யோசிச்சா ஹவுஸ் சர்ஜன் காலம்தான் ஞாபகம் வந்தது.

ஆரணியிலேர்ந்து வேலூர் பஸ். அது கண்ணமங்கலம் கூட்ரோட்டுல திருவண்ணாமலை – வேலூர் ரோட்டைப் பிடிக்கும். கணியம்பாடியில் இறங்கி அமிர்தி டவுன் பஸ் ஏறணும்.

முதல் பஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் முழு டிக்கெட், எட்டு வயசுப் பொண்ணுக்கு அரை டிக்கெட். நாலு வயசுப் பையனுக்குக் கிடையாது. முன்னாடி மூணு வயசு வரைக்கும் தான் இலவசம், 2022-ல் அதை அஞ்சு வயசு ஆக்கினாங்க. எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய்க்குள்ள.

கணியம்பாடியில் டவுன் பஸ். கண்டக்டர் எனக்கும் பொண்ணுக்கும் காசு வாங்காம சீட்டுக் கிழிச்சுக் கொடுத்தார். 2021 மே 8-லேர்ந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு நாம எல்லாருக்கும் தெரியும். தெரியும், ஆனா அந்தச் சீட்டு என் கைக்கு வந்தது அன்னிக்குத்தான் முதல் தடவை. பையனுக்கு வயசு இல்ல. ஆக எங்க வீட்டுல டிக்கெட் எடுத்த ஒரே ஜீவன் என் வீட்டுக்காரர்.

"அப்பாவுக்கு மட்டும் ஏம்மா காசு?"ன்னு பொண்ணு கேட்டா. பின் சீட்டுல இருந்த பாட்டி, "ஆம்பளையாப் பொறந்ததுக்கு அபராதம்டி கண்ணு"ன்னாங்க. பஸ்ஸே சிரிச்சது.

கணக்குப் போடற புத்தி எனக்கு உண்டு. போன தடவை கார்ல போக வர 85 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினஞ்சு கொடுக்கற வண்டி, பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல, ஆக பெட்ரோல் மட்டும் 570-க்குக் குறையாது. பஸ்ல போக வர நூத்தம்பதுகூட ஆகல. ஆனா ஒண்ணு கவனிச்சேன். கார்ல ஒருத்தர் போனாலும் அஞ்சு பேர் போனாலும் அதே 570. பஸ்ல தலைக்குத் தலை கணக்கு. அதுலயும் யார் தலை, என்ன வயசு, எந்த போர்டு போட்ட பஸ்னு பார்த்து விலை மாறுது. அதே ரோடு, அதே தூரம், ஆனா கணியம்பாடிக்கு முன்னாடி நான் காசு கொடுக்கறவ, கணியம்பாடிக்கு அப்புறம் கொடுக்காதவ.

பூங்காவைப் பத்திச் சொல்ல அதிகம் இல்ல. நுழைவுச்சீட்டைவிடப் பசங்க தின்ன மாங்கா பத்தையும் ஐஸும் தான் செலவு. மான்கள் நிழல்ல படுத்துக்கிட்டு எங்களைக் கண்டுக்கவே இல்ல. பையன் ஒரு மயில் தோகை விரிக்கும்னு முக்கால் மணி நேரம் நின்னான். அது விரிக்கல. திரும்பி வர டவுன் பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் காத்திருந்தோம். கார்ல வந்திருந்தா இந்நேரம் வீட்டுல காலை நீட்டியிருப்போம்னு நினைச்சதை மறைக்க விரும்பல. காத்திருக்கறதும் ஒரு செலவுதான், டிக்கெட்ல அச்சாகாத செலவு.

கணியம்பாடியில் ஆரணி பஸ் பிடிச்சோம். அது வேலூர்லேர்ந்து அடுக்கம்பாறை வழியா வர பஸ். அடுக்கம்பாறையில தான் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. 2005-லேர்ந்து இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதுதான் பெரியாஸ்பத்திரி. அதனால இந்த பஸ்ல எப்பவும் நாலஞ்சு பேர் கையில எக்ஸ்ரே கவரோ மாத்திரைப் பையோ இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஞாயிறு ஓபி கிடையாது. ஆனாலும் என் பக்கத்துச் சீட்டு அக்கா மடியில காலி சோத்துத் தூக்கு.

"யாருக்குக்கா?"

"மாமியார் வார்டுல கீறாங்க. கூட நாத்தனார். ஆஸ்பத்திரியில நோயாளிக்குச் சாப்பாடு குடுக்கறாங்க, கூட இருக்கறவங்களுக்கு நாமதானே பாக்கணும்."

"தினமும் வர்றீங்களா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினம் வந்தா பஸ்ஸுக்கே சரியாப் போயிடும். இதுல நமக்கு ஃப்ரீ கெடையாதே."

நான் டாக்டர்னு சொல்லிக்கல. கேட்டுக்கிட்டே வந்தேன். ஆரணி வரைக்கும் எனக்கு ஒருத்தர் ஞாபகமாவே இருந்தது. அவரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அடையாளம் தெரியாம இருக்கச் சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

பட்டு நெசவாளி. அம்பது வயசைத் தாண்டினவர். ஆரணியைச் சுத்தி இருக்கற ஊர்கள்ல வீட்டுக்குள்ளேயே குழித்தறி போட்டு நெய்யற ஆயிரக்கணக்கான குடும்பங்கள்ல ஒண்ணு. முதலாளி பாவும் ஜரிகையும் கொடுப்பார், இவர் நெய்வார், சேலை முடிஞ்சா கூலி. சம்சாரம் தார் சுத்திக் கொடுப்பாங்க, பேட்டு வாரும்போது எதிர்ப்பக்கம் நிப்பாங்க. ஒருத்தர் எழுந்து போனா ரெண்டு பேர் வேலையும் நிக்கும். லீவுங்கற சொல்லுக்கே அங்க அர்த்தம் இல்ல. எனக்கு மாசத்துக்கு ஒரு சி.எல். இருக்கு, காய்ச்சல்னா எம்.எல். இருக்கு. தறிக்கு அதெல்லாம் இல்ல.

அவருக்கு எட்டு வருஷமா சர்க்கரை. மாத்திரை வாங்க மாசாமாசம் எங்க ஓபிக்கு வருவார். 2021-க்கு அப்புறம் அவர் வரது நின்னு போச்சு. அவர் நோட்டு மட்டும் வரும், சம்சாரம் கையில.

காரணம் ரொம்ப எளிமை. அவங்க ஊர்லேர்ந்து வர்றது டவுன் பஸ். அவங்களுக்குக் காசு இல்ல, அவருக்கு உண்டு. அவங்க வந்தா தறி ஓடும், அவர் வந்தா நிக்கும். அந்த வீட்டுல யார் இருந்தாலும் அந்த முடிவுதான் எடுத்திருப்பாங்க, நான் உட்பட. மகளிர் இலவசப் பயணத்தைக் குறை சொல்றேன்னு தயவுசெஞ்சு யாரும் கிளம்பாதீங்க. அது வந்த பிறகு மாசமானவங்க செக்கப்புக்குத் தவறாம வர்றதை என் கண்ணால பார்க்கறேன். முன்னாடி "புருஷன் காசு கொடுக்கல"ன்னு ஏழாவது மாசம் வந்து நின்னவங்க உண்டு. தப்பு வேற இடத்துல. அது என் மேசையில.

"எப்படி இருக்கார்?"னு கேட்பேன்.

"நல்லாத்தான் கீறாரு டாக்டரம்மா."

நோட்டுல போன மாசம் எழுதினதையே திரும்ப எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்து. நூத்தம்பது பேர் வரிசையில நிக்கும்போது நோட்டு மட்டும் வர நோயாளி எனக்குச் சௌகரியம். ஏழு மாசம் அந்த மனுஷன் காலை நான் பார்க்கவே இல்ல.

சர்க்கரை நோயில பாதத்தோட நரம்பு மெதுவா மரத்துப் போகும். முள் குத்தினா தெரியாது. செருப்புல ஆணி இருந்தா தெரியாது. வலின்னு ஒண்ணு இருந்தா மனுஷன் ஓடி வருவான். வலிக்கலங்கறதுனால தான் வரமாட்டான். நெசவாளி வெறுங்காலோட குழிக்குள்ள உட்கார்ந்து நாள் முழுக்க மிதிகட்டையை மிதிக்கறவர். அவர் கட்டை விரலுக்கு அடியில மரச்சிலாம்பு ஏறியிருக்கு. அவருக்குத் தெரியல. மிதிகட்டையில ரத்தக்கறையைப் பார்த்தது அவர் சம்சாரம்.

அன்னிக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. புண் ஆழமா இருந்தது. கால் மேல நாடி தொட்டுப் பார்த்தா சரியாக் கிடைக்கல. ரத்த ஓட்டம் பார்க்கணும், எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பார்க்கணும், அதெல்லாம் எங்க இடத்துல முடியாது. சுத்தம் பண்ணி, மருந்து கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு ரெஃபரல் எழுதினேன். எதுன்னு வேண்டாம். "நாளைக்கே போங்க அண்ணா, தள்ளிப் போடாதீங்க"ன்னு கண்டிப்பா சொன்னேன். கண்டிப்பா சொன்னதுல எனக்கு ஒரு திருப்தி வேற.

பத்தொன்பது நாள் கழிச்சு காய்ச்சலோட தூக்கிட்டு வந்தாங்க. விரல் கறுத்துப் போயிருந்தது. நான் கத்தினேன். ஆமா, கத்தினேன். "அன்னிக்கே போகச் சொன்னேனே, ஏன் போகல? உங்க உயிர் மேல உங்களுக்கு அக்கறை இல்லன்னா நாங்க என்ன பண்றது?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நீங்க சொன்ன அன்னிக்கே போனேனே டாக்டரம்மா."

போயிருக்கார். நான் எழுதினது வெள்ளிக்கிழமை, அவர் போனது சனிக்கிழமை. அந்தப் பிரிவோட ஓபி சனிக்கிழமை இல்ல. பெரிய ஆஸ்பத்திரிகள்ல சிறப்புப் பிரிவுக்குத் தனித்தனி நாள் உண்டு, அது இயல்பு. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க. எந்த நாள்னு ஒரு போன் போட்டுக் கேட்டு எழுத வேண்டியது நான். அந்த போனுக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்கு அவருக்கு ஆன செலவைப் பின்னாடி ஒரு நாள் அவர் சம்சாரத்தைக் கேட்டேன். அவங்க விரல் விட்டுச் சொன்னாங்க. காலை ஊனி நடக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்ததால ஊர்லேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ. பஸ்ல ரெண்டு டிக்கெட், வேலூர் பஸ்ல அவங்களுக்கும் இலவசம் இல்ல. இறங்கின இடத்துலேர்ந்து ஓபி சீட்டு வரைக்கும் மறுபடி ஆட்டோ. சர்க்கரை உடம்பு, பசி தாங்காது, ரெண்டு பேருக்கு இட்லி. அப்புறம் இதே வரிசை திரும்பி. நானூறு ரூபாயைத் தொட்டிருக்கு. தறி நின்ன ஒரு நாள் தனி. செவ்வாய்க்கிழமை இன்னொரு நானூறு வேணும், அது கையில இல்ல. முகூர்த்தச் சீசன், முதலாளி சேலை கேட்டுட்டே இருக்கார். "இதை முடிச்சுக் குடுத்துட்டு அந்தக் காசுல போயிக்கலாம்"னு தறியில உட்கார்ந்துட்டார். அதே புண்ணு, அதே மிதிகட்டை.

ரெண்டு விரல் எடுத்தாங்க. கால் பிழைச்சது, அது அங்க இருந்த சர்ஜன்களோட திறமை.

போன ஞாயிறு பஸ்ல உட்கார்ந்து இந்தக் கணக்கைத் தான் போட்டுப் பார்த்தேன். பஸ் கட்டணம் ஏறினது நமக்கு ஞாபகம் இருக்கும். 2011 நவம்பர்ல புறநகர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 28 காசுலேர்ந்து 42 காசு ஆச்சு. 2018 ஜனவரியில 60 காசு, போராட்டத்துக்கு அப்புறம் பத்து நாள்ல 58. பெட்ரோல் விலையைத் தினமும் மாத்தற முறை 2017 ஜூன்ல வந்தது. இதெல்லாம் எல்லாருக்கும் ஏறின விலை, பேப்பர்ல வரும், டீக்கடையில பேசுவோம். ஒருத்தருக்கு மட்டும் ஏறற விலை ஒண்ணு இருக்கு.

புண் வரதுக்கு முன்னாடி அவர் நடந்து வந்து டவுன் பஸ் ஏறியிருந்தா போக வர இருபது ரூபா. நான் காலைப் பார்த்திருப்பேன், "வெறுங்காலோட மிதிக்காதீங்க"ன்னு சொல்லியிருப்பேன். புண் வந்த பிறகு ஆட்டோ, துணைக்கு ஒரு ஆள், நானூறு. விரல் கறுத்த பிறகு 108 வந்தது. போறதுக்குக் காசே இல்ல. ஆனா 108 கொண்டு போய் விடும், கூட்டிட்டு வராது. ஆபரேஷன் முடிஞ்சு கட்டோட திரும்பி வர வாடகை கார் 1,800 ரூபா, அது முதலாளிகிட்ட முன்பணம். தூரம் ஒரு கிலோமீட்டர்கூட ஏறல. எங்க குடும்பம் கார்லேர்ந்து பஸ்ஸுக்கு இறங்கி, செலவு மிச்சம்னு சிரிச்சுக்கிட்டு வந்தது அதே ரோட்டுலதான்.

இதுக்கு அப்புறம் நான் மாத்திக்கிட்டது பெரிசா ஒண்ணும் இல்ல. ரெஃபரல் எழுதறதுக்கு முன்னாடி போன் பண்ணி எந்தப் பிரிவு, எந்த நாள், எத்தனை மணிக்குள்ளன்னு கேட்டுச் சீட்டுலயே தமிழ்ல எழுதறேன். இங்க எடுக்க முடிஞ்ச ரத்தப் பரிசோதனையை இங்கேயே எடுத்துக் கொடுத்து அனுப்பறேன், அதுக்காக இன்னொரு நாள் அலைய வேணாம். "எப்படிப் போவீங்க?"ன்னு கேட்கறேன். முதல்ல இது எனக்கே கூச்சமா இருந்தது, ஏதோ அவங்க பையில கைவிடற மாதிரி. இப்போ ரத்த அழுத்தம் பார்க்கற மாதிரி கேட்டுடறேன். அப்புறம், சர்க்கரை நோட்டு மட்டும் வந்தா ரெண்டு மாசம் எழுதுவேன். மூணாவது மாசம் கால் வரணும்.

நீங்களும் கேளுங்க. உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ மேல் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தா, வெளியே வர்றதுக்கு முன்னாடி அந்த டாக்டரை நிறுத்திக் கேளுங்க: எந்த நாள் ஓபி? ரிப்போர்ட் வாங்க நோயாளியே வரணுமா, வேற ஆள் போதுமா? மறுபடி பார்க்கறதை உள்ளூர்லயே பண்ணிக்க முடியுமா? அவர் முகம் சுளிச்சாலும் பரவாயில்ல, கேளுங்க. என் மாதிரி ஆளுங்களுக்கு யாராவது கேட்டாதான் உறைக்கும். புற்றுநோய், காசநோய், டயாலிசிஸ் இதுக்கெல்லாம் சிகிச்சைக்குப் போக ரயில்ல கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வரவங்களுக்கும் உண்டு. டாக்டர் படிவத்துல கையெழுத்துப் போடணும். கேட்காதவங்களுக்கு அது தானா வராது.

சர்க்கரை இருந்தா தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பாதத்தைத் திருப்பிப் பாருங்க. குனிய முடியலன்னா தரையில ஒரு கண்ணாடியை வெச்சுப் பாருங்க. காலாணியை பிளேடு வெச்சுச் சீவாதீங்க. மரத்துப் போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீங்க, வெந்து போறது உங்களுக்குத் தெரியாது.

அவர் இப்போ மறுபடி நெய்யறார். மிதிக்கும்போது ஒரு கேன்வாஸ் ஷூ. தறிக்குழிக்குள்ள செருப்புக் காலை வைக்கறது அவங்க வழக்கத்துல இல்லாத விஷயம். துவைச்சுத் தனியா வெச்சிருக்கேன், வெளியே போட்டுட்டுப் போறதில்லன்னு என்கிட்ட அழுத்திச் சொன்னார்.

திங்கக்கிழமை ஓபிக்கு ரெண்டு பேருமே வந்திருந்தாங்க. நான் கேட்கறதுக்கு முன்னாடியே செருப்பைக் கழட்டிக் காலை ஸ்டூல் மேல தூக்கி வெச்சார். தழும்பு சுத்தமா இருந்தது. எப்படி வந்தீங்கன்னு கேட்டேன்.

"டவுன் பஸ்தான். அதுக்குச் சும்மா, எனக்குத் துட்டு"ன்னு சம்சாரத்தைக் காட்டினார். "மாற்றுத்திறனாளின்னா எனக்கும் சும்மா போலாமாம். விசாரிச்சேன். ரெண்டு விரலுக்கெல்லாம் தர மாட்டாங்களாம் டாக்டரம்மா."

அந்தம்மா அவர் தோளில ஒரு தட்டுத் தட்டினாங்க. நான் நோட்டுல அடுத்த தேதி எழுதிக் கொடுத்தேன்.